படேல் சாலைக்கு வடக்கே

புதுச்சேரியில் பாரம்பரியம் என்பது சர்தார் வல்லபபாய் படேல் சாலையோடு முடிந்துவிடுகிறது. பழைய நகரைச் சுற்றி முட்டை வடிவில் ஓடும் புல்வார் சாலையின் வடக்குத் துண்டு அது. அதற்குத் தெற்கே மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும், அவற்றின் முன் நின்று படமெடுத்துக்கொள்ளும் கல்யாண ஜோடிகளும். சாலையைத் தாண்டினால் குருசுக்குப்பம்: வலைகள், ஐஸ் பெட்டிகள், தோளோடு தோள் ஒட்டிய வீடுகள், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். பழமையைக் காட்ட ஆள் கூட்டிப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. திரும்பியே ஆகவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து எட்டிப் பார்ப்பதால் குப்பத்துக்கு ஆகப்போவது எதுவுமில்லை. ஊரின் பழமையைத் தேடிக் காக்கும் தன்னார்வலர்கள் தங்கள் வேலையைச் சுவரிலிருந்து தொடங்குகிறார்கள், அதனால்தான் அது இந்தச் சாலையிலேயே நின்றுவிடுகிறது என்பதே என் குறை.

அவர்கள் செய்திருப்பது சின்ன வேலையல்ல. தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் தெரு இன்று திண்ணையும் தெருத் தாழ்வாரமுமாக நிற்கிறது என்றால், அதற்கு இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பும் 2002 முதல் 2004 வரை நடந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டமும் வீட்டுக்காரர்களின் சம்மதமும் காரணம். யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. கடற்கரைச் சாலையிலிருந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தபோது, ஊர்க்காரர்கள் பலர் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினார்கள். உலக வங்கி உதவியோடு எழுப்பிய புதுக் கட்டடம் 2021இல் திறக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1870களில் கட்டிய மேரி போனது போனதுதான். இப்போது நிற்பது அதன் நகல். பழைய படங்களும் அளவுகளும் கையில் இல்லாமல் அந்த நகலைக்கூடக் கட்டியிருக்க முடியாது. சுவர் விழுந்த பிறகும் அதை மீட்டுத் தந்தது காகிதம்தான்.

இந்த ஊருக்கு இது புதிதுமல்ல. 1761இல் பிரிட்டிஷ் படை புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. அந்த ஊரில் எந்தத் தெருவில் என்ன விலைக்கு என்ன விற்றது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் வீட்டில் யார் யாரோடு சண்டை பிடித்தார்கள் என்றெல்லாம் இன்று நமக்குத் தெரிகிறது என்றால், 1736 முதல் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பால்தான். அதுவும் 1846இல் கலுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் தேடிப் பிடிக்கும்வரை கண்டுகொள்ள ஆளில்லாமல் கிடந்தது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டின் கதையும் இதே வகை. 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அங்கே உள்ளூர்ச் சிறுவர்களிடமிருந்து மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கினார். கிடைத்தவற்றில் ஓர் ஆளின் தலை செதுக்கிய கல் ஒன்றைக் கண்டு, அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்றார். எட்டு ஆண்டுகள் கழித்து தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் வந்து அகழ்ந்தார். புத்தகங்களில் துப்ரேய் பெயரும் வீலர் பெயரும் இருக்கின்றன. மழை கழுவிவிட்ட மண்ணில் முதலில் குனிந்து பொறுக்கியவர்கள் அந்தச் சிறுவர்கள்; அவர்களை நாம் இன்றுவரை "உள்ளூர்ச் சிறுவர்கள்" என்றுதான் எழுதுகிறோம்.

குருசுக்குப்பத்தில் பொறுக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரையே எடுத்துக்கொள்வோம். "குருசு" என்பது சிலுவையைக் குறிக்கப் போர்த்துக்கீசியர் வழியே தமிழில் வந்து தங்கிவிட்ட சொல். இன்றோ ஒரு பலகையில் குருசுக்குப்பம், அடுத்ததில் குருச்சிக்குப்பம். ஆங்கில எழுத்தில் கேட்கவே வேண்டாம். "சு" போய்ச் "ச்சி" வந்தால், அந்தப் பெயருக்குள் ஒரு சிலுவையைத் தேடலாம் என்ற எண்ணமே யாருக்கும் வராது. பெயரைத் தாண்டினாலும் வேலை குவிந்து கிடக்கிறது. மாசி மகத்தன்று மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குவது பக்கத்து வைத்திக்குப்பம் கடற்கரையில். அன்று கரையில் எந்தக் குப்பத்துக்கு என்ன மரியாதை, என்ன பொறுப்பு என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை, ஊர் வழக்கத்தில் இருக்கிறது. பிரெஞ்சு அரசு எழுதிவைத்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த, பிரெஞ்சில் பள்ளிக்கூடம் படித்த தலைமுறை நம் கண்முன்னே குறைந்துவருகிறது. வாடை, கச்சான் என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் இந்தக் கரை வைத்திருக்கும் பெயர்கள் இருக்கின்றன. சென்னை ஊரூர் குப்பத்தில் மூத்த மீனவர் ஒருவர் காற்றையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் குறித்துவைத்தார். அது ஓர் ஆவணம் என்று நகரத்துக்கு உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது ஒன்றுதான். மீனவர்களுக்குத் தேவை வீடும் படகு நிறுத்த இடமும். பாரம்பரியம் என்று முத்திரை குத்தினால் ஓர் ஓட்டை மாற்றக்கூட அனுமதி கேட்டு அலையவேண்டி வரும் என்கிறார்கள். பழைய வீட்டு உரிமையாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் இந்தப் பயம் நியாயமானதே. ஆனால் நான் சொல்வது கட்டடத்துக்கு விதி போடுவதை அல்ல, எழுதிவைப்பதை. எழுதிவைத்தது குப்பத்துக்குக் கைகொடுக்கும். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்றது. எது பொது இடம், எத்தனை காலமாக என்று ஊர் தன் கையில் சான்று வைத்திராவிட்டால், வரைபடம் போடுகிறவர் அங்கே வெறும் மணலைத்தான் காண்பார். வெறும் மணலுக்கு வாகன நிறுத்தம், பூங்கா, உணவகம் என்று ஆசைப்பட இந்த நகரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

இது அரசாங்கத்தின் வேலை என்பார்கள்; அரசாங்கம் செய்யட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆர்வக்கோளாறில் கட்டுக்கதையை வரலாறாக்கிவிடுவார்கள் என்ற மறுப்புக்குத்தான் செவிசாய்க்க வேண்டும். பாரதியார் உட்கார்ந்த திண்ணை என்று இந்த ஊரில் எத்தனை திண்ணைகளைக் காட்டுகிறார்கள்! அதற்கு மருந்து சிரமமானதல்ல. யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார், கண்ணால் கண்டதா, கேட்டதா என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்தால் போதும். கதை கதையாகவே இருக்கும், சான்று சான்றாக இருக்கும். கீழடியில் 1970களில் ஒரு பள்ளி ஆசிரியர் கிடைத்ததைப் பத்திரப்படுத்தித் தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னார். அவரே அகழ்வாராய்ச்சி செய்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தன்னார்வலரிடம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

ஆகவே கட்டடப் பட்டியலும் பயிற்சி பெற்ற ஆட்களும் வைத்திருக்கும் அமைப்புகள் சாலையைத் தாண்டி வரவேண்டும். ஆனால் குறிப்பேடு குப்பத்துப் பிள்ளைகள் கையில் இருக்கவேண்டும், முகப்பில் அவர்கள் பெயர் இருக்கவேண்டும், பிரதி ஒன்று ஊர்ப் பஞ்சாயத்திலேயே தங்கவேண்டும். எங்கே தொடங்குவது என்றால் மணலிலிருந்தே தொடங்கலாம். 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்குக் கல்லணை போட்ட பிறகுதான் வடக்கே கரை கரையத் தொடங்கியது. அதற்கு முன் கட்டுமரத்தை எங்கே இழுத்துப் போட்டார்கள், வலையை எங்கே காயப்போட்டார்கள், வீட்டு வாசலிலிருந்து அலைக்கு எத்தனை தப்படி என்று குருசுக்குப்பத்தில் நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்களில் இளையவருக்கே இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது.