தேரோட்டி இல்லாத் தேர்

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைமீது வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில், வளைவுதோறும் ஒலியெழுப்பி, ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி, குறுக்கிடும் ஆட்டு மந்தைக்காக நின்று செல்லும் ஓட்டுநர்களை நாம் அறிவோம். அவர் தவறினால் கேட்பதற்குப் பெயருண்டு; உரிமமுண்டு; வழக்குமன்றமுண்டு. ஓட்டுநரே இல்லாத ஊர்தி தவறினால் யாரைக் கேட்பது?

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், மிதிவண்டியைத் தள்ளியவாறு சாலையைக் கடந்த பெண்ணொருவரை ஊபர் நிறுவனத்தின் சோதனைத் தானியங்கிக் கார் மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 நொடிகள் முன்பே கருவி அவரைக் கண்டது. ஆயினும் வாகனமோ, மிதிவண்டியோ, வேறு பொருளோ என மாறி மாறிக் கணித்தது. கடவையில்லா இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பர் என்னும் எண்ணமே அதன் மென்பொருளில் இல்லை. கள்ளக்குறிச்சிச் சாலைகளில் அத்தகைய கார் ஓடினால் என்னாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

காருடன் வந்த அவசர நிறுத்தக் கருவியும் அணைக்கப்பட்டிருந்தது. உள்ளிருந்த கண்காணிப்பாளரும் சாலையை நோக்கவில்லை. அவர் பிழையோடு நிறுவனத்தின் பாதுகாப்புக் குறைகளையும் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சுட்டியது. எனினும் நிறுவனத்தின்மீது குற்றவழக்குக்கு இடமில்லை என 2019இல் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். 2023இல் அவ்வூழியர் மட்டுமே மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். கருவியை அணைக்க முடிவெடுத்தோர் வெளியே நின்றனர். இருக்கையில் இருந்தவரே கூண்டேறினார்.

எந்திரம் உறங்காது, மது அருந்தாது. ஆதலின் விபத்து குறையும் என்பர். குறையுமாயின் வரவேற்போம். ஆயின் எஞ்சும் ஓர் உயிரிழப்புக்கும் விடையளிப்பார் வேண்டாவோ?

ஓட்டுநர்தம் பிழைப்பைக் காக்க இத்தகைய கார்களை அனுமதிப்பதில்லை என 2023இல் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி கூறினார். அக்கருத்து போற்றற்குரியது. எனினும் தடை ஒருநாள் தளரலாம். அதற்கு முன்பே சட்டம் வேண்டும். ஊர்தி தானே ஓடும்போது நேரும் ஓட்டுதல் குற்றங்களுக்கு உள்ளிருப்போரை விடுவித்து, அனுமதி பெற்ற நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் சட்டத்தைப் பிரித்தானியா 2024இல் இயற்றியது. குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அரசுக்கு வழங்கியுள்ளது. மென்பொருளின் பிழைக்கும் நிறுவனமே பொறுப்பு என்பதையும் அச்சட்டம் தெளிவுறச் சொல்லவேண்டும்.

கன்று மாண்டபோது மனுநீதிச் சோழன் தேரையோ குதிரையையோ குற்றஞ்சாட்டவில்லை. தேரூர்ந்த தன் மகனையே பொறுப்பாக்கினான். அந்நீதியைப் படித்த நாம் இன்று கேட்பதும் அதுவே. தேரோட்டி மறைந்தாலும் தேருக்குடையவர் மறையலாகாது.