லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கி



இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் வழக்கம்போல ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பத்து நாளாக "வாத்தியார் துப்பாக்கி வாங்கிட்டாராம்" என்று ஊரெல்லாம் பேச்சு. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் போட்டோவுக்குப் பெரிய மீசை வரைந்து வீரப்பன் ஆக்கியிருக்கிறார்கள். வரைந்தது யாரென்றும் தெரியும். பொங்கலுக்கு வருவாய் அல்லவா, பார்த்துக்கொள்கிறேன்.

வாங்கவில்லை. வாங்கப் போனது உண்மை. போனவன் ஏன் வெறுங்கையோடு திரும்பினேன் என்பதை எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால் வாங்குங்கள் வாங்குங்கள் என்று என்னைக் கிளப்பிவிட்டவர்களில் பாதிப்பேர் இதைப் படிக்கிறவர்கள்தான்.

கணவாய் அடிவாரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் இருப்பது உங்களுக்குத் தெரியும். முப்பது கொய்யா மரம், கொஞ்சம் நிலக்கடலை, கிணற்றோரம் ஆறு தென்னை. போன வருஷம் கொய்யாவில் ஒரு கூடைகூடச் சந்தைக்குப் போகவில்லை. குரங்கு ஒரு காயை முழுதாகத் தின்றால்கூட மனசு ஆறும். ஒரு கடி கடித்து வீசும், அடுத்ததைப் பறிக்கும். கடலைச் செடியை வேரோடு பிடுங்கி, முற்றாத காயைப் பிதுக்கிப் பார்த்துப் போட்டுவிட்டுப் போகும். தகரம் தட்டினேன், பட்டாசு வெடித்தேன், ஒரு அலுவலகத்தில் மனுவும் கொடுத்தேன். மனுவுக்கு ரசீது வந்தது. குரங்கும் வந்தது.

அப்போதுதான் ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். "சித்தப்பா, இந்த மாடலை வாங்குங்க. செம பவர். லைசென்ஸே தேவையில்ல." அதற்குப் பிறகு ஆளாளுக்கு வீடியோ.

சேலத்தில் ஒரு கடைக்குப் போனேன். கையில் எடுத்துக் கொடுத்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், ஆசை வந்துவிட்டது. அறுபத்தைந்து வயதில் அந்த மரக்கட்டையைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தபோது சின்ன வயசில் உண்டிவில் வைத்திருந்தவன் எட்டிப் பார்த்தான். திருவிழாக் கடையில் பலூன் சுடும் துப்பாக்கியைக் குழலோடு மடக்கிக் குண்டு போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். இது அப்படியில்லை. குழல் அசையாது. குழலுக்கு அடியில் ஒட்டினாற்போல ஒரு இரும்புத் தண்டு படுத்திருக்கும். அதைக் கீழே இழுத்துப் பின்னால் கொண்டுபோனால் உள்ளே ஒரு முரட்டு ஸ்பிரிங் அமுங்கி மாட்டிக்கொள்ளும். நான் வகுப்பில் கடப்பாரையை வைத்து நடத்திய அதே நெம்புகோல் பாடம்தான். விசையைத் தட்டினால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் முன்னால் இருக்கும் காற்றை நெருக்கும், நெருங்கிய காற்று ஈயக் குண்டைத் துரத்தும். குழல் மடங்காததால் குறி பிசகாது என்பது இதன் பெருமை.

கனம் நாலு கிலோ. "இவ்வளவு கனம் எதுக்குப்பா?" என்று கேட்டேன். ஸ்பிரிங் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்குமாம், பிஸ்டன் போய் முட்டும்போது முன்னால் இழுக்குமாம். இரண்டு உதையையும் அடக்கத்தான் கனம். நல்ல பதில். ஆனால் இழுத்த தண்டு சரியாக மாட்டாமல் கை நழுவினால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. குண்டு போட விரலை உள்ளே விட்டிருக்கும் நேரத்தில் அது நடந்தால் விரல் போய்விடும். அதனால்தான் குண்டு போடும்போது ஒரு கையால் தண்டை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பார்கள். என் பேரனுக்கு ஒன்பது வயசு. நான் எதைத் தொடாதே என்கிறேனோ அதை முதலில் தொடுகிற ஜாதி.

சரி, முடிவாகச் சொல்கிறேன் என்று திரும்பினேன். தர்மபுரி பஸ்ஸில் சீட்டுக்குப் பின்னாலேயே கணக்குப் போட்டேன். பழைய அறிவியல் வாத்தியார் புத்தி. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள்படி குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேலோ, விசை 20 ஜூலுக்கு மேலோ போனால் லைசென்ஸ் வேண்டும். அதற்குள் இருந்தால் வேண்டாம். 20 ஜூலை ஒட்டி நிற்கும் துப்பாக்கியில் அரை கிராம் குண்டு என்ன வேகத்தில் போகும்? பாதி நிறை, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். போட்டுப் பாருங்கள், மறந்திருக்க மாட்டீர்கள். விநாடிக்கு சுமார் 280 மீட்டர். மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர்.

"ஆயிரம் கிலோமீட்டரா! அப்போ குரங்கு காலி" என்று அண்ணன் மகன் துள்ளினான். இங்கேதான் எனக்கும் இவர்களுக்கும் சண்டை. குரங்கு காலியாகாது. அரை கிராம் குண்டின் வேகம் தூரம் போகப் போகச் சடசடவென்று குறைந்துவிடும். ஏழெட்டுக் கிலோ கடுவன் மேல் பட்டால் தோலைக் கிழித்துச் சதையில் போய் உட்காரும். குரங்கு கத்திக்கொண்டு ஓடும். நாலு நாள் கழித்து எங்கோ ஒரு பாறை மறைவில் சீழ் பிடித்துச் சாகும், அல்லது சாகாமல் கிடக்கும். குட்டியை வயிற்றில் சுமக்கும் தாயாக இருந்தால் இரண்டு உயிர். பயமுறுத்தத்தான் என்றால் அதற்குத் தகரம் போதும். கொல்லத்தான் என்றால் இது அதற்கு ஆகாது. வதைக்க மட்டும் கனகச்சிதமாகப் பொருந்தும் சாமானை எதற்காகய்யா நான் பென்ஷன் பணத்தைப் போட்டு வாங்க வேண்டும்?

ஒருவன் போனில் ரகசியம்போலச் சொன்னான்: "ஸ்பிரிங்க மாத்திக்கலாம் சார், இன்னும் பவர் வரும்." என்னிடம் படித்தவன். ஸ்பிரிங்கை மாற்றி 20 ஜூலைத் தாண்டினால் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம் தம்பி. கடைக்காரர் வந்து உனக்காக ஸ்டேஷனில் நிற்க மாட்டார்.

ஸ்பிரிங்கை மாற்றாவிட்டாலும், துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால் சுடுவதற்கும் லைசென்ஸ் வேண்டாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நம்மூர் நாட்டுக்குரங்கு இப்போது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மயில் எப்போதோ அதில் ஏறிவிட்டது. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 வருஷம் ஜெயில். வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. காயப்படுத்துவதும் வேட்டை, அதற்கு முயன்றாலும் வேட்டை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. "சும்மா மிரட்டத்தான் சுட்டேன்" என்ற வாக்குமூலம் உங்களையே உள்ளே தள்ளும்.

காட்டுப்பன்றிக்கு என்று சிலர் சொல்கிறார்கள். ஏர்கன்னால் பன்றியைச் சுடுவது பாறையில் கடலையை எறிவது மாதிரி. பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3-ஐத் தாண்டினால் சுடலாம். அப்போதும் சுடுவது வனத்துறை, நாம் இல்லை. என் வரப்பில் நின்றால் காடு கூப்பிடு தூரம்.

இந்தப் பவர் பைத்தியத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது எதில்? 10 மீட்டர் ஏர் ரைபிளில். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதே பிரிவு. அந்தப் போட்டித் துப்பாக்கியின் விசை ஏழெட்டு ஜூல்தான். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஜெர்மனியில் பொதுவாக 7.5 ஜூலைத் தாண்டினாலே அனுமதி கேட்பார்கள். குறி பார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால், பிள்ளைகளை நல்ல ரைபிள் கிளப்பில் சேர்த்துவிடுங்கள், நானே முதல் மாசச் சந்தா கட்டுகிறேன். விளையாட்டுக்கு நான் எதிரி இல்லை. நாலு கிலோ இரும்பைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து உயிருள்ளதன் மேல் குறி பார்ப்பதற்குத்தான் எதிரி.

"சலீம் அலியே ஏர்கன்லதான் ஆரம்பிச்சார் சித்தப்பா" என்று மடக்கினான் பையன். படித்திருக்கிறான், சந்தோஷம். மீதியையும் படித்திருக்கலாம். அந்தச் சிறுவன் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சளாக ஒரு அடையாளம் இருந்தது. என்ன பறவை என்று தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அங்கே மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர் அலமாரி அலமாரியாகப் பறவைகளைத் திறந்து காட்டினார். சலீம் அலியை ஆக்கியது அந்த அலமாரி. நீ சுட்டால் எந்த அலமாரியைத் தேடிப் போகப் போகிறாய்?

அருணாச்சலப் பிரதேசத்தில் பறவைகளைச் சுட்டுச் சுட்டுக் காடே மௌனமாகிவிட்டது என்று 2021-இல் கிழக்கு காமெங் மாவட்டத்தில் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் 1,600-க்கு மேல் ஏர்கன்கள் தாமாக வந்து சேர்ந்தன. வேட்டை பரம்பரைப் பழக்கமாக இருக்கும் மலைக்கிராம மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாம் இங்கே புதிதாக வாங்கக் கிளம்பியிருக்கிறோம்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சம்பந்தப்பட்டவனிடம் கேட்டேன், பேர் போடாமல் எழுதுங்க சார் என்றான்.

1991. மாரியம்மன் திருவிழா. எட்டாம் வகுப்புப் பசங்க நாலு பேர் என்னைச் சுற்றி நின்று "சார் சார்" என்று அரித்தார்கள். பலூன் சுட வேண்டுமாம். இரண்டு ரூபாய் எடுத்துக் கொடுத்துவிட்டு நான் தேங்காய் உடைக்கப் போய்விட்டேன். கடைக்காரர் உடைந்த பலூன்களுக்குப் பதில் வேறு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது துப்பாக்கியில் குண்டு இல்லை என்று நினைத்து ஒருவன் விளையாட்டாகக் கூட்டாளியைப் பார்த்து நீட்டினான். அது இன்று கடையில் விற்கும் பவரில் கால்வாசிகூட இருந்திருக்காது. தேய்ந்துபோன ஸ்பிரிங், இரண்டு முழத் தூரத்தில் பலூனை உடைக்கவே திணறும். கண்ணுக்கு அது போதும். தர்மபுரி ஆஸ்பத்திரி, அங்கிருந்து சேலம், அங்கிருந்து மதுரை. கண் வரவில்லை. நீட்டியவன் அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். இரண்டு பேரும் இந்தப் பதிவைப் படிப்பார்கள். இரண்டு ரூபாய் கொடுத்தது நான் என்று இருவரும் இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

என் தோட்டத்துக்குப் பக்கத்து வரப்பில் புளி பொறுக்கப் பிள்ளைகள் வருகிறார்கள். குரங்கு மரத்தில் இருக்கும், நான் அண்ணாந்து சுடுவேன், தவறிய குண்டு சில நூறு மீட்டர் தாண்டி எங்கே இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

நியாயமாக ஒரு அடியும் வாங்கினேன், மறைக்க மாட்டேன். விவசாயம் செய்யும் என் மாணவன் ஒருவன் முகத்துக்கு நேராகச் சொன்னான்: "சார், உங்களுக்கு மாசம் ஒண்ணாம் தேதி பென்ஷன் வருது. கொய்யா போனா உங்களுக்குக் கோபம் வரும். எனக்கு வட்டி வரும்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் கையில் துப்பாக்கி இருந்தாலும் வட்டி குறையாது, மேலே கேஸும் சேரும் என்பதைத் தவிர. அவனுக்கு நஷ்ட ஈடு கேட்டு எழுதும் மனுவில் என் கையெழுத்தும் இருக்கும். இந்தமுறை ரசீதோடு விடமாட்டேன்.

ஆனால் குரங்கு ஏன் நம் தோட்டத்துக்கு வந்தது? சாலை நாலு வழியானபோது ஓரத்தில் நின்ற புளியமரங்கள் போயின. மரம் போன இடத்தில் கார் நின்றது. பெங்களூரு போகும் குடும்பம் கணவாயில் வண்டியை ஓரங்கட்டி, பிஸ்கட்டும் வாழைப்பழமும் முறுக்கும் வீசி, பிள்ளைக்குக் குரங்கு காட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு புறப்படுகிறது. புண்ணியமாம்! கையிலிருந்து வாங்கித் தின்று பழகிய குரங்குக்கு மனுஷன் மேல் பயம் எப்படி இருக்கும்? நின்ற வண்டியைப் பார்த்து நடுரோட்டுக்கு ஓடிவருகிறது. அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனை உயிரைக் குடித்திருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காரில் வந்தவன் தீனி போடுவான், நான் துப்பாக்கி வாங்கி அதே குரங்கைச் சுட வேண்டும். இது என்ன கணக்கு? எனக்கு வீடியோ அனுப்பிய அதே உறவினர் போன மாசம் கணவாயில் குரங்குக்குப் பழம் கொடுக்கும் போட்டோ போட்டு 140 லைக் வாங்கியிருக்கிறார். மச்சான், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அந்தப் பழத்தின் பில் என் கொய்யாவில்தான் வந்தது.

கடைக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தில் கொய்யாக் காய்க்கும் இரண்டு மாசமும் கடலை முற்றும் ஒரு மாசமும் காலையிலும் மாலையிலும் தோட்டத்தில் உட்கார ஒரு பெரியவரையும் அவர் நாயையும் ஏற்பாடு செய்திருக்கிறேன். வீட்டில் "ஏங்க, அந்த ஆளு தூங்கிடுவாருங்க" என்கிறாள். நாய் தூங்காது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கணவாய் ரோட்டில், வண்டிகள் ஓரங்கட்டும் அந்த வளைவுக்குக் கொஞ்சம் மேலே, நானும் இன்னும் நாலைந்து பேரும் நிற்போம். தீனி போட நிறுத்துகிறவர்களிடம் மரியாதையாகப் பேசிப் பார்க்கப் போகிறோம். வரக்கூடியவர்கள் வெயிலுக்குத் தொப்பி எடுத்து வாருங்கள். பிஸ்கட் பாக்கெட் கொண்டுவர வேண்டாம்.