தெரிந்து கொள்வோம்: சோலைவரி மதிப்பீடு கூடிப் போனால்…



சென்ற மழைக்காலத்தில் அச்சுவேலியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே தங்கையின் குடும்பத்தோடு இருக்கும் ஓர் அக்கா தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"தங்கச்சி, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. வீட்டை ஏலம் போடப் போறாங்களோ எண்டு பயமாக் கிடக்கு."

அது ஏலக் கடிதம் அல்ல. வேறொரு சபைப் பகுதியில் இருக்கும் அவருடைய சீதன வீட்டுக்கு வந்த சோலைவரி மதிப்பீட்டு அறிவித்தல். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது பூட்டிவிட்டு வந்த வீடு. முன்பக்கம் செல் விழுந்து இடிந்துவிட்டது. பின்னால் ஓர் அறையும் குசினியும் மட்டும் சீற்றுக் கூரையோடு நிற்கின்றன. அயல் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கேட்டோம். முழுதாக நிற்கும் அவர்களுடைய வீட்டுக்கும் அதே பெறுமதிதான்.

"இதை ஆட்சேபிச்சு எழுதலாம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே திகதியைப் பார்த்தேன். நான்கு மாதம் கடந்திருந்தது. கடிதத்தை வாங்கி வைத்த அயல் வீட்டார், அக்கா கோயில் திருவிழாவுக்குப் போனபோதுதான் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகும் அது பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இது பலருக்கும் நடக்கிறது. ஆகவே இம்முறை சோலைவரியைப் பற்றிப் பார்ப்போம்.

எதற்கு இந்த வரி?

அச்சுவேலி வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்குள் வருகிறது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, வீடுகள் நெருங்கிய பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் சபை இந்த வரியை அறவிடலாம். ஆதனவரி என்றும் சொல்வார்கள். 2015 இல் விடுவிக்கப்பட்ட வளலாய் போன்ற இடங்களுக்குத் திரும்பியவர்கள், தங்கள் ஒழுங்கை அந்த எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் சபையில் கேளுங்கள்.

வரி, வீட்டின் விற்பனை விலைக்கு அல்ல. அந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் ஓர் ஆண்டில் நியாயமாக என்ன கிடைக்கும் என்று கணிப்பார்கள். அதுதான் வருடாந்தப் பெறுமதி. அதில் ஒரு வீதமே வரி. உதாரணமாக, பெறுமதி 12,000 ரூபா, வீதம் 6 என்றால் ஆண்டுக்கு 720 ரூபா, காலாண்டுக்கு 180 ரூபா.

சிறிய தொகைதானே என்று விடக் கூடாது. மதிப்பீடு ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுவதில்லை. முந்திய பெறுமதியையே அடுத்த ஆண்டுக்கும் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒருமுறை கூடப் பதிந்தால் பல ஆண்டுகள் கூடக் கட்ட நேரும். நிலுவை சேர்ந்தால், வீட்டுச் சாமான்களைக் கைப்பற்றும் ஆணை வரைக்கும் போகலாம்.

ஆட்சேபிப்பது எப்படி?

அறிவித்தலில் ஆட்சேபனைக்குரிய கடைசி நாள் இருக்கும். வழமையாக அது கிடைத்த நாளில் இருந்து ஒரு மாதம். அதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில்லை.

கடிதம் நீளமாக வேண்டாம். உங்கள் பெயர், இப்போதைய விலாசம், வரி மதிப்பீட்டு இலக்கம், காரணம் இவ்வளவும் போதும். இப்படி எழுதலாம்:

"மேற்படி இலக்க வீட்டின் முன்பகுதி யுத்தத்தில் அழிந்துள்ளது. ஓர் அறையும் குசினியும் மட்டுமே பாவனையில் உள்ளன. எனவே மதிப்பீட்டை ஆட்சேபிக்கிறேன். நேரில் பார்வையிட்டுப் பெறுமதியைக் குறைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

வீட்டின் படங்களையும் கிராம அலுவலரின் கடிதத்தையும் இணையுங்கள். பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். விசாரணைக்கு நாள் குறித்து அழைத்தால் கட்டாயம் போங்கள்.

காரணம் வீட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். அளவு பிழை, இடிந்த பகுதி, பூர்த்தியாகாத கட்டடம், அதே ஒழுங்கையில் இதே போன்ற வீட்டுக்குக் குறைந்த பெறுமதி, இவை எடுபடும். "நான் விதவை, உழைப்பு இல்லை" என்பது உண்மையாக இருந்தாலும் பெறுமதியைக் குறைக்காது. அதை வேறு கடிதமாக எழுதி, நிலுவையைத் தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள்.

அறிவித்தல் இறந்த தகப்பன் பெயரிலோ காணாமற்போன கணவர் பெயரிலோ வந்தால், உறவைக் குறிப்பிட்டு நீங்களே எழுதுங்கள். உறுதி மாற்றி முடியட்டும் என்று காத்திருந்தால் மாதம் போய்விடும். சோலைவரிப் பதிவில் பெயர் இருப்பதால் மட்டும் வீடு ஒருவருக்குச் சொந்தமாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். உரிமையைச் சொல்வது உறுதி.

ஆட்சேபனை கொடுத்தாலும் வரியை நிறுத்தாதீர்கள். முழு ஆண்டுக்கும் ஜனவரி 31 இற்குள் கட்டினால் 10 வீதமும், காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதமும் கழிவு உண்டு. சபையின் முடிவு திருப்தி இல்லையென்றால் நீதிமன்றம் போகவும் வழி இருக்கிறது. அதற்கும் நாள் எல்லை உண்டு. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை உடனே நாடலாம்.

அந்த அக்காவும் நானும் சும்மா இருக்கவில்லை. காலம் கடந்தாலும், அடுத்த ஆண்டுக்கு முன் வீட்டைப் பார்வையிடும்படி எழுதிப் பதிவுத் தபாலில் போட்டோம். இனிக் கடிதங்களை அச்சுவேலி விலாசத்துக்கு அனுப்பும்படியும் கேட்டோம். ஒரு காலாண்டுப் பணத்தையும் கட்டினார். பதில் இன்னும் வரவில்லை.

"இப்ப ஏலப் பயம் இல்லை. ஆனா அந்த ஒரு மாதத்தை விட்டிட்டன் தங்கச்சி" என்றார்.

ஊரில் வீடும் வேறிடத்தில் வாழ்வுமாக இருக்கும் சகோதரிகளே, உங்கள் இப்போதைய விலாசத்தை இந்த வாரமே வீடு இருக்கும் சபைக்கு எழுதிக் கொடுங்கள். கடிதம் வந்தால் பெட்டிக்குள் வைக்க முன் திகதியைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் அன்றைக்கே யாரிடமாவது கொடுத்து வாசித்துக் கேளுங்கள்.