கன்றின் கழிச்சலும் இரத்தப் பரிசோதனையும்

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் மரக்கறி பயிரிடுவோர் பலர் ஓரிரு பசுக்களையும் வளர்க்கின்றனர். உருளைக்கிழங்குக்கும் லீக்சுக்கும் வேண்டிய எரு அவற்றிடமிருந்தே கிடைக்கின்றது. தேயிலைத் தோட்டத்து லயங்களை அடுத்துள்ள தொழுவங்களிலும் இதுவே நிலை. இத்தகைய வீட்டில் ஒரு நாகு கன்று கழிச்சலால் இறக்குமாயின், ஏறக்குறைய மூன்றாண்டின் பின் வரவேண்டிய பால் அன்றே போயிற்று.

கன்று கழியத் தொடங்கியதும், இரத்தத்தைச் சோதித்து நோயை அறிந்த பின்னரே மருந்து கொடுக்கலாம் எனக் காத்திருப்போர் உளர். அது பெருந் தவறு. கழிச்சலை உண்டாக்கிய கிருமி இன்னதென்பதை இரத்தம் பெரும்பாலும் காட்டாது. அதற்குச் சாணத்தையே சோதித்தல் வேண்டும். கழிச்சல் உடலுக்குச் செய்த கேட்டையே இரத்தம் காட்டும். நீர் குறைவதால் இரத்தம் தடிக்கின்றது. அப்பச்சோடாவில் உள்ளதைப் போன்ற காரப்பொருள் சாணத்துடன் வெளியேறுவதால் இரத்தம் புளிப்புறுகின்றது. அவ்வேளை இரத்தத்திற் பொற்றாசியம் மிகுந்து இருதயத்தைத் தாக்குதலும் உண்டு. எழ மாட்டாது கிடக்கும் கன்றுக்கு நாளத்தின் வழியே எதனை, எவ்வளவு செலுத்துவதெனத் தீர்மானிக்க இவ்விவரங்கள் மிருகவைத்தியருக்குப் பெரிதும் உதவும்.

ஆயினும் மலைநாட்டுக் குளிரில் இளங்கன்று ஒரே இரவில் மடியக்கூடும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகப் படிகின்றதா, கண்கள் குழி விழுந்துள்ளனவா, வாயில் வைத்த விரலைக் கன்று சூப்புகின்றதா என்பவற்றை எவரும் பார்க்கலாம். சூப்பும் கன்றுக்கு மிருகவைத்தியர் தரும் உப்புக்கரைசற் பொடியை அவர் கூறிய அளவு இளஞ்சூட்டு நீரிற் கலந்து உடனே பருக்குதல் வேண்டும். குளுக்கோசு சேர்ந்த உப்பு நீரைக் கழியும் குடலும் உறிஞ்சும். 1968இல் டாக்காவில் வாந்திபேதி நோயாளருக்கு உயிரளித்ததும் இவ்வுண்மையே. பாலை நிறுத்துதல் கூடாது. நிறுத்தினாற் கன்று பட்டினியால் வாடும். பாலூட்டும் வேளைகளுக்கு இடையே கரைசலைக் கொடுக்கலாம். சூப்பாத கன்றுக்கு வாயில் ஊற்றாமல் மிருகவைத்தியரை அழைத்தல் வேண்டும்.

அப்படியாயின் இரத்தப் பரிசோதனைக்கு ஏற்ற வேளை எது? கன்று சுகமாயிருக்கும் முதல் வாரமே. கன்று நோயெதிர்ப்புப் பொருளின்றியே பிறக்கின்றது. அதனைச் சீம்பாலிலிருந்து பெறவேண்டும். சீம்பால் பெறாத கன்றுகள் பெரும்பாலும் இறந்தமையை அமெரிக்காவில் தியோபால்ட் சிமித், இரால்பு லிற்றில் ஆகிய இருவரும் 1922இல் வெளியிட்டனர். குடல் அப்பொருளை ஏற்பது முதல் 24 மணி நேரமே. அதிலும் முதல் ஆறு மணி நேரமே சிறந்தது. இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை சிறிது இரத்தம் எடுத்து, அது உறைந்தபின் மேலே தெளியும் நீரை ஒளிமுறிவளக்கும் கைக்கருவியிற் பார்த்தாற் புரத அளவு தெரியும். 100 மில்லிலீற்றரில் 5.2 கிராமுக்குக் குறைந்தாற் சீம்பால் போதவில்லை என்க. நீர் வற்றிய கன்றில் இவ்வளவு பொய்யாக உயர்ந்து காட்டும்; ஆதலாற் கழிச்சல் கண்டபின் இதனைப் பார்ப்பதிற் பயன் குறைவு.

ஒரு பசு உள்ள வீட்டுக்கு இக்கருவி வேண்டியதில்லை. அளவு போத்தல் போதும். 25 கிலோ நிறையுள்ள கன்றுக்கு முதல் ஆறு மணி நேரத்துள் இரண்டரை லீற்றர் சீம்பால் சென்றாற் சரி. முதற் கறவையைக் கடும்பாகக் காய்ச்சி அயலாருக்குப் பகிரும் வழக்கம் அன்பானதே. ஆனால் அதிற் கன்றின் பங்கும் அடுப்பேறி விடுகின்றது. காய்ச்சினால் எதிர்ப்புப் பொருளும் அழியும். கடும்புக்கு மறுநாட் பாலை வைத்துக்கொள்ளலாம். கருவியைப் பாற் சங்கங்கள் பொதுவில் வாங்கி, அங்கத்தவர் கன்றுகளை மிருகவைத்தியரைக் கொண்டு முதல் வாரத்திலேயே பார்ப்பித்தல் தகும். பல கன்றுகளில் அளவு குறைந்திருப்பின், திருத்த வேண்டியது சீம்பாலூட்டும் முறையையே.