உறியும் கரடியும்

எமது பாட்டிமார் அடுக்களையில் உறி கட்டியது பூனைக்கு அஞ்சி. பூனையின் இடத்திற் கரடியை வைத்து எண்ணினால், அவ்வுறியின் அருமை இன்னும் நன்கு விளங்கும்.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரிகர், கீழ்க்கரை வழியே உகந்தையை அடைந்து, அப்பால் குமனை, யாலை வனங்களினூடாகச் சில நாட்கள் நடப்பர். அக்காலத்திலேதான் காட்டிற் பாலைப்பழமும் கனிகின்றது. அது கரடிக்கு மிக உவப்பான உணவு. குளிர்தேசத்துக் கரடிகள் பனிக்காலத்திற் குகையில் உறங்கிவிடும். எமது கரடிக்கோ அவ்வுறக்கம் இல்லை. மோப்பம் மிக்கது, மரமேறவும் வல்லது.

சில ஆண்டுகளின் முன் நாமும் மாணவர் சிலருடன் அவ்வழி நடந்தோம். கும்புக்கன் ஆற்றங்கரையில் ஓரிரவு தங்கினோம். மாணவன் ஒருவன், தாய் கட்டிக்கொடுத்த பனங்கட்டியையும் பொரிவிளாங்காயையும் பையிலிட்டுத் தலைக்கு அணையாக வைத்துத் துயின்றான். நள்ளிரவிற் காட்டுப்பன்றியொன்று பையைப் பற்றியிழுத்தது. பையன் அலறினான், பன்றி பையோடு மறைந்தது. நல்லகாலம், காயம் எதுவுமில்லை. அவனைக் கடிந்துகொள்ள நாம் வாயெடுத்தபோது, உடன்வந்த மூதாட்டி ஒருவர், "தம்பி, பிள்ளையிலே பிழையில்லை. படுக்க முன்னம் பைகளைப் பார்க்க வேண்டியது நீங்களெல்லோ?" என்றார். நாம் வாய்திறவாதிருந்தோம். பன்றிக்குப் பதிலாக யானை வந்திருந்தால் அவன் தாய்க்கு யாது விடை கூறியிருப்போம்?

ஆதலின், வனவழி செல்வோர் கைக்கொள்ள வேண்டியவை சில உள. பொழுது சாயுமுன் சமைத்து உண்க. அடுப்பும் உணவுப் பொதியும் படுக்குமிடத்திலிருந்து நூறு அடியெடுத்து வைக்கும் தொலைவிலேனும் இருத்தல் வேண்டும். பொதியை அடிமரத்திற் கட்டுதல் வீண். இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, அதன் நடுவே இரண்டாள் உயரத்திற் தொங்கவிடுக. யானைக்கு அதுவும் முழுக்காவலன்று. எனவே தொலைவே மேலான காவல். மிச்சத்தைப் புதைத்தலாகாது, பன்றி கிளறிவிடும்.

விலங்குக்கு இரங்கி உணவிடுவதும் தீங்கே. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வனத்திற் பயணிகள் கரடிகளுக்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினர். 1931 முதல் 1969 வரை அங்கு கரடியாற் காயமுற்றோர் ஆண்டுக்குச் சராசரி 48 பேர். 1970இற் குப்பைமேடுகளை மூடவும், உணவிடுதலைக் கண்டிப்புடன் தடுக்கவும் தொடங்கிய பின்னரே அத்தொகை வீழ்ந்தது. அதற்குள் மனித உணவின் சுவை கண்ட கரடிகள் பல கொல்லப்பட்டன. புத்தல–கதிர்காமம் வீதியிற் பழத்திற்காக வாகனங்களை மறிக்கும் யானைகளும், எம்மவர் நீட்டிய கையாற் கெட்டவையே.

உணவைக் காப்பவன் தன்னை மட்டுமன்றி, அவ்விலங்கையும் காக்கின்றான். அன்றிரவின் பின், கதிர்காமம் சேரும்வரை, மாலைதோறும் மாணவரின் பைகளை நாமே பார்த்தோம்; அதன் பின்னரே கண்ணயர்ந்தோம்.