கையெழுத்து விழும் அறைக்கு வாருங்கள்



நவம்பர் 3 வருகிறது. அமெரிக்காவின் இடைக்காலத் தேர்தல். ஓட்டுப் போடுங்கள் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கூப்பிடுவது வேறு வேலைக்கு. விழுந்த ஓட்டைச் சரிபார்த்து, ஏட்டில் ஏற்றி, இதுதான் முடிவு என்று கையெழுத்துப் போடுகிற அறை பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டிதோறும் இருக்கிறது. நியூ ஜெர்சியோ, டெக்சஸோ, ஜார்ஜியாவோ, மிச்சிகனோ, குடியுரிமை வாங்கிய தமிழர் எங்கிருந்தாலும் அந்த அறைக்குள் நம்மில் நாலு பேராவது போய் உட்கார வேண்டும்.

நான் அமெரிக்க வரலாறு நடத்திப் பிழைக்கிறவன். இந்த நாட்டில் ஜனநாயகம் செத்துவிடுமா என்று டிவியில் விவாதம் வைக்கிறார்கள். ஒருமுறை செத்தே போயிற்று! எங்கே, எப்படி என்பதற்கெல்லாம் ஆவணம் இருக்கிறது.

வட கரோலினாவின் வில்மிங்டன். அன்று அந்த மாநிலத்தின் பெரிய நகரம் அது. மக்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும் கூட்டணி கட்டி நகராட்சியைக் கையில் வைத்திருந்தார்கள். 1898 நவம்பர் 10 காலையில், முன்னாள் எம்.பி. ஆல்ஃபிரட் மூர் வாடெல் துப்பாக்கிக் கும்பலோடு கிளம்பினார். அலெக்ஸ் மேன்லி என்ற கறுப்பர் நடத்திய 'டெய்லி ரெக்கார்ட்' பத்திரிகையின் அலுவலகத்தை உடைத்தார்கள், கட்டடம் எரிந்தது. எரிந்த கட்டடத்தின் முன்னால் துப்பாக்கியும் கையுமாக வரிசையாக நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோ இன்றும் இருக்கிறது. கல்யாண வீட்டுப் படம் போல எல்லோரும் கேமராவையே பார்க்கிறார்கள். செத்தவர்களை யாரும் எண்ணவில்லை. அறுபது என்பாரும் உண்டு, முந்நூறு என்பாரும் உண்டு.

என் மாணவர்கள் இந்த இடத்தில் அதிர்ந்துபோவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அன்று மாலை நடந்தது. நகரமன்றத்தைக் கூட்டினார்கள். துப்பாக்கி முனையில் உறுப்பினர் ஒருவர் ராஜினாமா செய்வார். மீதி இருப்பவர்கள் அவர் இடத்துக்குக் கும்பலின் ஆளை முறைப்படி தேர்ந்தெடுப்பார்கள். அடுத்தவர் ராஜினாமா, அடுத்த தேர்வு. இப்படியே மன்றம் முழுவதும் மாறி, இருட்டுவதற்குள் வாடெல் மேயர். ஊரே கையில் இருக்கிறது, எதிர்க்க ஆளில்லை. அப்படியும் அவர்களுக்கு ஒரு தீர்மானமும் கையெழுத்தும் தேவைப்பட்டது. கொள்ளையடித்ததற்கு ரசீது வேண்டும் அவர்களுக்கு. ரசீது இருந்துவிட்டால் பிறகு யாரும் கேட்க முடியாது. வாஷிங்டனில் அதிபர் மெக்கின்லி கேட்கவும் இல்லை.

அடுத்து வந்தவை எல்லாம் சட்டங்கள். 1900-இல் வட கரோலினாவில் ஓட்டுப் போட எழுத்தறிவுத் தேர்வு வந்தது. 1867-க்கு முன் தாத்தாவுக்கு ஓட்டு இருந்திருந்தால் பேரனுக்குத் தேர்வு கிடையாது. அடிமையாக இருந்தவனின் பேரன் என்ன செய்வான்? லூசியானாவில் 1896-இல் பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334. 1904-இல் 1,342. எட்டே ஆண்டுகள். இதே மாதிரிச் சட்டங்களை மிசிசிப்பி 1890-லேயே எழுதிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, சட்டத்தின் எழுத்தில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று 1898-இல் நீதிபதிகள் கைகழுவிவிட்டார்கள். வட கரோலினாவிலிருந்து காங்கிரசில் இருந்த ஜார்ஜ் ஹென்றி ஒயிட் 1901-இல் வெளியேறினார். அந்த மாநிலத்தில் அடுத்த கறுப்பினப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க 1992 ஆயிற்று.

இருநூறு வருஷத்து அரசியல் சாசனம் என்று மார்தட்டுகிறவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: 1952-இல் தஞ்சாவூர் வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு ஓட்டு இருந்தது. அதே வருஷம் அலபாமாவில் பருத்தி பறித்த கறுப்பினப் பெண்ணுக்கு அது ஏட்டளவில்தான். 1965-இல் அலபாமாவின் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களின் மண்டை உடைபட்ட பிறகுதான் வாக்குரிமைச் சட்டம் வந்தது. நாம் கட்டிக்காக்க வேண்டிய ஜனநாயகத்தின் வயது அறுபதுதான். அதிலும் 2013-இல், ஷெல்பி கவுண்டி வழக்கில், அந்தச் சட்டத்தின் முதுகெலும்பை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ஒடித்துவிட்டது.

என் தொழிலின் அழுக்கையும் மறைக்க மாட்டேன். வில்மிங்டன் போன்ற துரோகங்களுக்குப் பிற்பாடு நியாயம் எழுதிக் கொடுத்தவர்கள் வரலாற்றாசிரியர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும், கறுப்பர்கள் ஆண்டால் நாடு உருப்படாது என்பதை ஆராய்ச்சி என்ற பெயரில் எழுதினார்கள். அதுவே தலைமுறை தலைமுறையாகப் பாடப்புத்தகம் ஆயிற்று. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1935-இல் அந்தப் பொய்களைக் கிழித்து ஒரு பெரிய நூல் எழுதினார். கல்வி உலகம் வெகுகாலம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 2025 மார்ச்சிலோ, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் எந்த வரலாறு இருக்கலாம் என்று வெள்ளை மாளிகையே ஆணை போட்டது. நடந்ததை மறக்கடிக்கிறவன் அதைத் திரும்பச் செய்ய இடம் பார்க்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இனி 2020 அதிபர் தேர்தலுக்கு வாருங்கள். ஜார்ஜியாவில் வித்தியாசம் 11,779 ஓட்டு. 11,780 ஓட்டைக் 'கண்டுபிடிக்க' வேண்டும் என்று தோற்ற அதிபர் ட்ரம்பே மாநிலச் செயலருக்கு போன் செய்தார். ஒலிப்பதிவை உலகமே கேட்டது. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று: நவம்பர் 17, மிச்சிகனின் வெய்ன் கவுண்டி. சரிபார்ப்பு வாரியத்தில் நாலே பேர், கட்சிக்கு இருவர். 8.5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளின் முடிவை ஏற்பதில் இரண்டுக்கு இரண்டு என்று முட்டி நின்றது. டெட்ராய்ட் நகரை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஊர்களை ஏற்கலாம் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. டெட்ராய்ட் கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் என்று உங்களுக்குத் தெரியும். அன்று ராணுவம் வரவில்லை, நீதிபதி வரவில்லை. கொரோனா காலம், கூட்டம் ஜூமில் ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரையில் வந்து மணிக்கணக்கில் கேள்வி கேட்டார்கள், திட்டினார்கள், அவமானப்படுத்தினார்கள். அன்றிரவே நாலு பேரும் கையெழுத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் இருவர் பின்வாங்கப் பார்த்தார்கள், நேரம் கடந்துவிட்டது.

ஆறு நாள் கழித்து மாநில வாரியத்தில், சொந்தக் கட்சியின் நெருக்கடியை மீறி முடிவை ஏற்று வாக்களித்தவர் குடியரசுக் கட்சிக்காரரான ஏரன் வான் லாங்கெவெல்டே. அவர் கட்சி அவரை மறுபடி அந்தப் பதவிக்கு முன்மொழியவில்லை. கவனியுங்கள், தோழர்களே: அன்று தடுத்து நின்றவர்களில் பலர் இன்று அந்த நாற்காலிகளில் இல்லை. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்த வழக்குகளில் சுமார் 1,500 பேருக்கு 2025 ஜனவரி 20-இல் மன்னிப்பு வழங்கப்பட்டுவிட்டது. போன தடவை தோற்றது எந்த இடத்தில் என்று முடிவை மாற்றப் பார்த்தவர்களுக்கும் தெரியும். நாம்தான் இன்னும் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"வந்த இடத்தில் நமக்கெதுக்கு வம்பு?" சங்கத்துப் பொங்கல் விழாவில் இதை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியன் வெள்ளையன் அல்ல, அதனால் குடிமகனாக முடியாது என்று இதே உச்ச நீதிமன்றம் சொன்னது. வாங்கிய குடியுரிமையைப் பலரிடமிருந்து பிடுங்கினார்கள். நாம் வந்த கதவைத் திறந்தது 1965 அக்டோபரின் குடியேற்றச் சட்டம். வாக்குரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய அதே காங்கிரஸ், அது வந்த இரண்டே மாதத்தில் நிறைவேற்றியது. செல்மாவில் சிந்திய ரத்தத்தில் நம் விசாவும் இருக்கிறது. பெற்றோர் தற்காலிக விசாவில் இருந்தால் இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று பதவியேற்ற அன்றே ட்ரம்ப் ஆணை போட்டார். கீழமை நீதிமன்றங்கள் தடுத்தன. ஆனால் எச்-1பி விசாவில் இருக்கும் நம் தம்பி வீட்டுத் தொட்டிலைத்தான் அந்த ஆணை குறிவைத்தது. வம்பு நம் வீட்டுக்குள் வந்தாகிவிட்டது.

ஆகவே, உங்கள் கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். வாக்குச்சாவடிப் பணிக்குப் பெயர் கொடுங்கள். பயிற்சி அவர்களே தருவார்கள், பெரும்பாலும் படியும் உண்டு. கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டு இருந்தாலே போதும், பள்ளி மாணவர்களும் சேரலாம். பிறகு, முடிவைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் கூட்டம் என்றைக்கு, எங்கே என்று கேட்டுக் காலண்டரில் குறியுங்கள். அது பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம். பொதுமக்கள் பேச நேரம் உண்டா, எத்தனை நிமிஷம், முன்பதிவு வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பேச வேண்டியதை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கின் முன்னால் நா குழறும். பக்கத்து வீட்டுக் கறுப்பினக் குடும்பத்தையும் மெக்சிகோக்காரரையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு இந்த அறை நம்மைவிடப் பழக்கம். முன்வரிசையில் உட்காருங்கள், கடைசிக் கையெழுத்து விழுகிறவரை எழுந்திருக்காதீர்கள்.