உரோமையில் பொருள் வாங்குவோர்க்கு

புனித இராயப்பர் பேராலயத்திற்கு எதிரே நீளும் கொன்சிலியாசியோனே வீதியிலும், அதன் வடபால் உள்ள பொர்கோ பியோ என்னும் சிறு தெருவிலும் செபமாலைக் கடைகளுக்குக் குறைவில்லை. முதற் கடையிலேயே பணப்பையைத் திறந்துவிட வேண்டாம் என்போம். நாலு கடை ஏறி விலை கேட்பதில் இழுக்கொன்றுமில்லை. வாங்கியவற்றைப் புதன்கிழமைப் பொதுச் சந்திப்பிற்கு எடுத்துச் சென்றால், இறுதியில் திருத்தந்தை அளிக்கும் ஆசீர் அவற்றிற்கும் உரியதாகும்.

திருமணத்திற்கும் வெள்ளி விழாவிற்கும் நம்மவர் விரும்பும் திருத்தந்தையின் ஆசீர்ப் பத்திரம் முன்னர் அக்கடைகளிலும் கிடைத்தது. 2015 சனவரி முதல் திருத்தந்தையின் தர்ம அலுவலகம் மட்டுமே அதனை வழங்குகின்றது; அவ்வருவாய் ஏழைகளுக்கே செல்கின்றது. ஆகவே, "எம்மிடமும் உண்டு" என்று அழைப்போரிடம் ஏமாற வேண்டாம்.

வத்திக்கான் தபால்தலை ஒட்டிய மடலை வத்திக்கான் பெட்டியிலேயே இடுதல் வேண்டும். இத்தாலியப் பெட்டியில் அத்தலை செல்லாது.

நடைபாதைத் துணியில் பரப்பி விற்கப்படும் புகழ்பெற்ற பெயர்கொண்ட கைப்பைகள் பெரும்பாலும் போலி. மலிவென்று மயங்குவோர் அறிக: இத்தாலியச் சட்டப்படி விற்றவர் மட்டுமல்ல, வாங்கியவரும் 7,000 யூரோ வரை அபராதம் செலுத்த நேரிடும்.

பேரம் பேசியே பழகிய நம் இல்லத்தரசியருக்குப் போர்த்தா போர்த்தேசே சந்தை ஏற்றது. அது ஞாயிறு காலையில் கூடுவதால், சனி மாலையிலேயே பூசை கண்டுவிடுவது நலம்.